டெக்லா ஸ்ட்ரக்சர்ஸில் ஷாப் டிராயிங்: ஒரு செக்கரின் மதிப்புரை

இரும்புக் கட்டுமானத்துக்கான மென்பொருளை விற்க வருகிறவர்கள் முதலில் காட்டுவது முப்பரிமாண மாடலைத்தான். ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று திரையில் எல்லாப் பக்கமும் சுழன்று, போல்ட்டின் நட்டு வரை நெருங்கிப் பார்க்க இடம் கொடுக்கும்போது, வாங்க வந்தவர் பாதி முடிவை அங்கேயே எடுத்துவிடுகிறார். ஆனால், பட்டறையில் நிற்கும் ஃபிட்டரின் மேசைக்கு அந்த மாடல் வருவதில்லை. ஒரு பீமுக்கு ஒரு தாள் என்ற கணக்கில் ஷாப் டிராயிங் எனப்படும் பட்டறை வரைபடம்தான் வருகிறது. அந்தத் தாளை எடுத்தவர் யாரையும் தொலைபேசியில் அழைக்காமல் வெட்டி, துளையிட்டு, வெல்டிங் செய்து முடிக்க முடிகிறதா என்பதை வைத்துத்தான் டெக்லா ஸ்ட்ரக்சர்ஸ் என்ற மென்பொருளை இங்கே எடைபோடுகிறேன்.

சென்னையிலிருந்து அமெரிக்க ஃபேப்ரிகேட்டர்களுக்கு (இரும்பை வெட்டிச் செய்யும் பட்டறைகளுக்கு) டீட்டெய்லிங், அதாவது பட்டறைக்கான மாடலும் தாளும் தயாரித்துக்கொடுக்கும் அலுவலகங்களில் 14 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். முதல் 3 ஆண்டுகள் ஆட்டோகேடில் கோடு கோடாக வரைந்தேன். பிறகு டெக்லாவில் மாடலராகவும், தாள்களைச் சீர்செய்யும் எடிட்டராகவும் இருந்துவிட்டு, இப்போது பிறர் போட்ட தாள்களில் பிழை பார்க்கும் செக்கராக இருக்கிறேன். கான்கிரீட் கம்பி வேலைக்கும் இந்த மென்பொருள் பயன்படுகிறது என்றாலும், அதில் எனக்குப் பழக்கம் குறைவு என்பதால் இரும்பு வேலையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

டெக்லா பின்லாந்தில் 1966இல் தொடங்கப்பட்ட நிறுவனம். தொழில்நுட்பக் கணக்கீடு என்று பொருள்படும் பின்னிஷ் சொற்களின் சுருக்கம்தான் அந்தப் பெயர். இரும்பு டீட்டெய்லிங்குக்காக அவர்கள் 1990களில் கொண்டுவந்த எக்ஸ்ஸ்டீல் என்ற மென்பொருளே 2004இல் டெக்லா ஸ்ட்ரக்சர்ஸ் என்று பெயர் மாறியது. 2011இல் அமெரிக்காவின் டிரிம்பிள் நிறுவனம் டெக்லாவை வாங்கியது. எங்கள் துறையின் மூத்தவர்கள் சிலர் இன்னும் எக்ஸ்ஸ்டீல் என்றே சொல்வதற்கு அந்தப் பழைய பெயர்தான் காரணம்.

கட்டடப் பொறியாளரின் வரைபடத்துக்கும் ஷாப் டிராயிங்குக்கும் உள்ள தூரத்தை ஒரே ஒரு பீமை வைத்துச் சொல்லிவிடலாம். பொறியாளரின் தாளில் டபிள்யூ12×26 (சுமார் 12 அங்குல உயரம், அடிக்கு 26 பவுண்டு எடை) என்று ஒரு கோட்டின் மேல் எழுதியிருக்கும். அந்தக் கோடு 25 அடி இடைவெளியில் உள்ள இரண்டு டபிள்யூ18×35 கர்டர்களுக்கு (பீம்களைத் தாங்கும் பெரிய பீம்களுக்கு) நடுவே ஓடும். முனையில் எவ்வளவு பாரம் வரும் என்பதும் குறிக்கப்பட்டிருக்கலாம். அவர் வேலை அங்கே முடிகிறது. பட்டறைக்கு 25 அடி என்ற அளவு எதற்கும் உதவாது. கர்டரின் வெப் (நடுவே செங்குத்தாக நிற்கும் தகடு) தடிமனில் பாதியோடு சிறு இடைவெளியும் சேர்த்து ஒரு பக்கத்துக்கு 3/16 அங்குலம் கழித்தால், பீமைக் கர்டரோடு சேர்க்கும் இரண்டு முனை ஆங்கிள்களின் (எல் வடிவத் துண்டுகளின்) முதுகுக்கு முதுகு 24 அடி 11 5/8 அங்குலம். ஆங்கிள் பீமின் முனையைவிட அரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதால், இரு பக்கமும் அரை அங்குலம் குறைத்து, பீமை 24 அடி 10 5/8 அங்குலத்துக்கு வெட்ட வேண்டும். பீமின் மேல்மட்டமும் கர்டரின் மேல்மட்டமும் ஒன்றாக இருந்தால், மேல் ஃப்ளேஞ்சை (மேலே கிடையாக இருக்கும் தகட்டை) இரு முனையிலும் கோப் செய்ய, அதாவது மூலையை வெட்டி எடுக்க வேண்டும். ஆட்டோகேட் காலத்தில் இந்தக் கழித்தலை ஒவ்வொரு பீமுக்கும் கால்குலேட்டரில் போட்டோம். கர்டர் ஒன்றின் அளவைப் பொறியாளர் மாற்றிவிட்டால், அதில் வந்து சேரும் அத்தனை பீம்களையும் நினைவிலிருந்து தேடித் திருத்த வேண்டியிருந்தது. ஒன்று விட்டுப்போனால் அது கட்டுமானத் தளத்தில்தான் தெரியவரும்.

டெக்லா இந்தக் கழித்தலை முழுமையாகத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. கர்டரையும் பீமையும் சேர்க்கும் இணைப்பு என்பது இதில் ஓர் எண். ஆங்கிள் இணைப்பு 141, எண்ட் பிளேட் 144, ஷியர் பிளேட் 146, தூணின் அடித்தகடு 1004 என்று எங்கள் அலுவலகத்தில் பெயரைவிட எண்ணே புழங்குகிறது. 141ஐ எடுத்து, முதலில் கர்டரையும் அடுத்து பீமையும் சொடுக்கினால், பீம் தானாகக் குறைந்து, கோப் வெட்டி, ஆங்கிளும் போல்ட்டும் வந்து உட்கார்ந்துவிடும். கர்டரை டபிள்யூ21க்கு மாற்றினால் இணைப்பும் அதற்கேற்ப நகர்ந்துகொள்ளும். வழக்கமான சட்டகக் கட்டடத்தில் பெரும்பாலான இணைப்புகளை இப்படியே முடித்துவிடலாம். வளைந்த படிக்கட்டும் சாய்ந்து திருகி வரும் கூரை பீம்களும் வந்தால் கையால் தகடு போட்டுத்தான் ஆக வேண்டும். அந்தக் கைவேலைக்கும் மென்பொருள் நன்றாகவே இடம் கொடுக்கிறது.

இனி, மற்ற எதையும்விட எனக்கு முக்கியமாகப்படும் நம்பரிங். மாடலில் உள்ள ஒவ்வொரு தகட்டையும் பீமையும் டெக்லா ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அச்சாக ஒரே மாதிரி இருப்பவற்றுக்கு ஒரே குறியீடு கொடுக்கிறது. 60 பீம்களில் 22 பீம்கள் துளை வரைக்கும் ஒன்றே என்றால், அந்த 22க்கும் ஒரே தாள் போதும். பட்டறைக்கு அது பெரிய மிச்சம். கையால் வரைந்த காலத்தில் இந்த ஒற்றுமையைக் கண்டுபிடிப்பதே ஒரு தனித் திறமையாக இருந்தது. இப்போது அதைக் கணினி நொடிகளில் செய்கிறது. அதைக் கண்ணால் செய்த தலைமுறையைச் சேர்ந்தவன் என்பதால் இந்த வசதியை நான் இன்றைக்கும் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் நம்பரிங் அமைப்புகளைப் புரிந்துகொள்ளாமல் அந்தப் பொத்தானை அழுத்துகிறவருக்கு இதைவிட ஆபத்தான இடம் மென்பொருளில் வேறில்லை. நீக்கப்பட்ட பொருளின் பழைய எண்ணைப் புதிய பொருளுக்கு மீண்டும் கொடுக்கலாமா என்று கேட்கும் ஒரு சிறு கட்டம் அங்கே இருக்கிறது. வேலையின் தொடக்கத்தில், எந்தத் தாளும் வெளியே போகாதபோது, அதை இயக்கி வைத்தால் எண்கள் இடைவெளியின்றி அழகாக வரும். நான் மாடலராக இருந்த இரண்டாம் ஆண்டில், தொடக்கத்தில் இயக்கிய அந்தக் கட்டத்தை, தாள்கள் ஃபேப்ரிகேஷனுக்குப் போன பிறகும் அணைக்க மறந்துவிட்டேன். பொறியாளரின் திருத்தத்தில் நான்கு தகடுகள் நீக்கப்பட்டன. வேறிடத்தில் சேர்த்த புதிய தகடுகள் அந்த நான்கு எண்களையும் எடுத்துக்கொண்டன. பட்டறையில் பழைய தகடுகள் ஏற்கெனவே வெட்டப்பட்டுக் குறியீட்டுடன் அடுக்கப்பட்டிருந்தன. ஒரே குறியீட்டில் இரண்டு வகைத் தகடு இருப்பதை அங்கிருந்த ஃபிட்டர் கண்டுபிடித்து மின்னஞ்சல் அனுப்பியபோதுதான் எனக்குத் தெரிந்தது. மென்பொருள் சொன்னபடிதான் செய்தது, பிழை என்னுடையது. இப்போது முதல் தாள் வெளியே போகும் நாளில் அந்த அமைப்பைப் படம் பிடித்து வேலைக் கோப்பில் வைத்த பிறகே அனுப்ப அனுமதிக்கிறேன்.

அடுத்து தாள். டெக்லாவில் தாள்கள் பல வகை: தனித்த தகடு ஒன்றுக்கான சிங்கிள் பார்ட், வெல்டிங் செய்து முடிந்த முழுப் பொருளுக்கான அசெம்ப்ளி, தளத்தில் எதை எங்கே பொருத்துவது என்று காட்டும் பொது அமைப்பு வரைபடம், பல சிறு தகடுகளை ஒரே தாளில் அடுக்கும் மல்டி. நம்பரிங் முடிந்ததும் நூற்றுக்கணக்கான அசெம்ப்ளி தாள்களை ஒரே கட்டளையில் உருவாக்கிவிடலாம். விற்பனைக் காட்சியில் கைதட்டல் வாங்கும் இடம் இதுதான்.

அப்படி வந்த தாளைத் திறந்து பாருங்கள். நமது டபிள்யூ12×26 பீமே இருக்கட்டும். முன்பார்வை, மேற்பார்வை, வெட்டுத்தோற்றம் எல்லாம் சரியான இடத்தில் இருக்கும்; பொருள் பட்டியல் சரியாக இருக்கும்; அளவுகளும் ஒன்றுகூடத் தப்பாக இருக்காது. ஆனால் கோப் வெட்டின் அளவும் முதல் துளையின் அளவும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருக்கலாம்; பீமை விறைப்பாக்க நடுவில் வரும் ஸ்டிஃப்னர் தகட்டின் இடத்தை மேலும் கீழும் இரண்டு முறை சொல்லியிருக்கலாம்; வெல்டிங் குறியின் அம்புக்கோடு ஒரு துளையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகலாம். அமெரிக்கப் பட்டறைகள் பல, இடது முனையிலிருந்து தொடர்ந்து கூட்டிக்கொண்டே போகும் ரன்னிங் அளவையே கேட்கின்றன. ஏனெனில் டேப்பை ஒரே ஒருமுறை மாட்டிவிட்டு எல்லாத் துளைகளையும் குறித்துவிடலாம். அதற்குரிய அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால், துளைக்குத் துளை தனித்தனி அளவாக வந்து நிற்கும். தவறில்லாத தாள் வேறு, படிக்க முடிகிற தாள் வேறு. முதலாவதை இந்த மென்பொருள் தருகிறது. இரண்டாவதை எடிட்டர்தான் தர வேண்டும். எளிய பீமுக்கு ஓரிரு நிமிடத் திருத்தம் போதும். பிரேஸிங் தகடுகள் ஆறேழு தொங்கும் தூணுக்கு ஒரு நாளின் பாதி போய்விடும். வேலைக்கு விலை சொல்லும்போது எடிட்டிங் நேரத்தை மறந்துவிட்டு, தாள் தானாக வந்துவிடும் என்று நம்பியவர்கள் நட்டப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த நேரத்தைக் குறைக்கும் வழியும் உள்ளேயே இருக்கிறது. ஆனால் அதைத் தேடிப் போக வேண்டும். எந்த வகைப் பொருளுக்கு எந்தப் பார்வை, எந்த அளவு விதி, எந்த எழுத்தளவு என்பதையெல்லாம் சேமித்து வைக்கும் அமைப்புக் கோப்புகள்தான் ஒரு டீட்டெய்லிங் அலுவலகத்தின் உண்மையான சொத்து. தலைப்புக் கட்டமும் பொருள் பட்டியலும் டெம்ப்ளேட் எடிட்டர் என்ற தனிக் கருவியில் செய்யப்படுகின்றன. பழகச் சில வாரங்கள் பிடிக்கும். சீராக எடிட் செய்து முடித்த ஒரு தாளை முன்மாதிரியாக வைத்து, அதே போன்ற மற்றப் பொருள்களுக்கு அதை குளோன் செய்யும் வசதியும் இருக்கிறது. படிக்கட்டுகளில் இது கைகொடுக்கும் அளவுக்கு வேறெங்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை. பழைய வேலையின் அமைப்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு நகலெடுப்பதில் மட்டும் கவனம் தேவை. அமெரிக்க இரும்புக் கட்டுமானக் கழகத்தின் 2016ஆம் ஆண்டு விதித்தொகுப்பில், 1 அங்குலமும் அதற்கு மேலும் விட்டமுள்ள போல்ட்டுகளுக்கான வழக்கமான துளை, போல்ட்டைவிட 1/16 அங்குலம் பெரிதாக இருந்தது போய் 1/8 அங்குலம் பெரிதாக ஆனது. பழைய அமைப்புக் கோப்பு பழைய அளவையே சுமந்துகொண்டு வரும். மாடல் அழகாகத்தான் இருக்கும்.

திருத்தங்கள் வரும்போது டெக்லா தன் விலைக்கு நியாயம் செய்கிறது. ஒப்புதலுக்கு அனுப்பிய தாள்களை 14 நாட்களில் திருப்பித் தர வேண்டும் என்பது அமெரிக்க நடைமுறைத் தொகுப்பின் பொது விதி. அவை சிவப்பு மையோடு திரும்பி வந்த பிறகு மாடலைத் திருத்தி, நம்பரிங்கை ஓட்டினால், எந்தெந்தத் தாள்கள் பாதிக்கப்பட்டன என்பதைத் தாள் பட்டியலே காட்டிவிடும். திறந்தால், மாறிய அளவுகளைச் சுற்றி மேகக் குறி போட்டிருக்கும். ஒரு தாளை உறையவைத்தால் மாடல் மாற்றம் அதில் தானாகப் பாயாது. பூட்டினால் யாரும் தவறுதலாகத் திறந்து மாற்ற முடியாது. ஆட்டோகேடில் இந்தக் கணக்கை எக்செல் தாளில் எழுதி வைத்திருந்தோம். எழுதியவர் விடுப்பில் போனால் கணக்கும் விடுப்பில் போய்விடும்.

எடிட்டிங்கைச் சொல்லிவிட்டு ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் விட முடியாது. அளவு எழுத்தின் மேல் சொடுக்கி, நமக்கு வேண்டிய எண்ணைக் கையால் தட்டச்சு செய்ய டெக்லா இடம் கொடுக்கிறது. நெருக்கடி நேரத்தில் இளைஞர்களுக்கு இது பெரிய ஆசை. 3 அங்குலத்தை 3 1/2 என்று தாளிலேயே மாற்றிவிட்டால் மாடலைத் திறக்க வேண்டியதில்லை. ஆனால் இன்றைய பட்டறைகளில் துளைபோடும் இயந்திரம் தாளைப் படிப்பதில்லை. மாடலிலிருந்து நேராக எடுக்கப்படும், இயந்திரத்துக்கான கட்டளைகள் கொண்ட என்சி கோப்பைத்தான் அது படிக்கிறது. ஜெர்மானிய இரும்புக் கட்டுமானச் சங்கம் வகுத்த டிஎஸ்டிவி வடிவத்தில் இருக்கும் இந்தக் கோப்பை நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம்: எஸ்டி என்று தொடங்கி ஈஎன் என்று முடியும், நடுவில் ஏகே என்பது வெளி விளிம்பு, பிஓ என்பது துளைகள், முன்பக்கத்துக்கும் மேல் ஃப்ளேஞ்சுக்கும் கீழ் ஃப்ளேஞ்சுக்கும் பின்பக்கத்துக்கும் ஜெர்மன் சொற்களின் முதலெழுத்துகளே குறி. தாளில் 3 1/2 என்றும் பிஓ வரியில் 3 அங்குலத்துக்கு நேரான மில்லிமீட்டர் அளவும் இருந்தால், துளை என்சி கோப்பு சொன்ன இடத்தில் விழும், ஃபிட்டர் தாளைப் பார்த்துக் குழம்புவார். சந்தேகப்பட்ட தாள்களுக்கு இன்றும் என்சி கோப்பை நோட்பேடில் திறந்து துளைகளை எண்ணிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. இரும்பில் தவறு என்றால் மாடலில் திருத்து, படிப்பதில் தவறு என்றால் மட்டும் தாளில் கை வை என்பதே நான் புதியவர்களுக்குப் போடும் ஒரே சட்டம்.

இனி, இந்த மென்பொருளுக்குத் தெரியாத விஷயங்கள். தூணின் வெப்புக்கு இரு பக்கமும் இரண்டு பீம்கள் வந்து ஒரே துளைகளைப் பங்கிட்டுக்கொள்ளும் இணைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மாடலில் எந்த மோதலும் இல்லை. கிளாஷ் சோதனை பச்சை விளக்கு காட்டும். ஆனால் முதல் பீமைத் தொங்கவிட்டு, இரண்டாவதைக் கோக்க போல்ட்டுகளைக் கழற்றும் அந்த நிமிடத்தில் முதல் பீமை எது தாங்கும்? அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு விதிகளில் 2001இல் வந்த இரும்பு நிறுவல் பகுதி இதற்காகவே, பீமை அடியில் தாங்கும் இருக்கைத் தகடு கொடுக்காத இடங்களில் குறைந்தது ஒரு போல்ட்டாவது முதல் பீமில் இறுகிய நட்டுடன் இருந்தே ஆக வேண்டும் என்கிறது. அதே பகுதிதான் ஒவ்வொரு தூணுக்கும் அடித்தளத்தோடு பிணைக்கும் ஆங்கர் ராடுகள் குறைந்தது நான்கு வேண்டும் என்றும் சொல்கிறது. மேலே ஏறி நிற்கும் மனிதரை மாடல் காட்டாது; ஆகவே இதை டீட்டெய்லர்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஹயாத் ரீஜென்சி விடுதியின் தொங்கு நடைபாதைகள் விழுந்து 114 பேர் இறந்தனர். மூல வடிவமைப்பில் நான்காம் மாடி நடைபாதையையும் அதற்குக் கீழிருந்த இரண்டாம் மாடி நடைபாதையையும் கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பி தாங்குவதாக இருந்தது. செய்வதற்கு எளிதாக இருக்கும் என்று அந்தக் கம்பியை இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டாம் மாடி நடைபாதை நான்காம் மாடியின் பெட்டி பீமிலிருந்தே தொங்கியது. அந்த பீமின் அடியில் இருந்த நட்டுக்கு வந்த பாரம் ஏறத்தாழ இரு மடங்கானது. அந்த மாற்றம் ஷாப் டிராயிங்கில் தெளிவாகவே இருந்தது. ஒப்புதல் முத்திரையும் விழுந்தது. இன்றைக்கு அதே இணைப்பை டெக்லாவில் போட்டால், மென்பொருள் எந்த மறுப்பும் சொல்லாமல் துல்லியமான தாள் ஒன்றைக் கொடுக்கும். பாரக் கணக்கைக் கேட்டால் மட்டுமே வரும். அதுவும் எல்லா இணைப்புக்கும் வராது. இணைப்பின் பலத்தை வடிவமைப்போடு சேர்த்தே கணக்கிடுவதில் போட்டி மென்பொருளான எஸ்டிஎஸ்2 பெயர் பெற்றது. அமெரிக்க நடைமுறைக்கு மட்டும் வேலை செய்யும் அலுவலகம் அதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஆட்டோகேடை விட மனமில்லாதவர்களுக்கு அதன் மேலேயே ஓடும் அட்வான்ஸ் ஸ்டீல் பழக எளிது. ரெவிட் என்ற கட்டட மாடலிங் மென்பொருள் முழுக் கட்டடத்தையும் ஒருங்கிணைக்கச் சிறந்தது. ஆனால் பட்டறைத் தாள் என்று வந்தால், எங்களிடம் வரும் ரெவிட் மாடலைப் பார்த்து, டெக்லாவில் புதிதாகவே கட்டுகிறோம்.

செலவைப் பற்றிச் சுருக்கமாக: இது விலை உயர்ந்த மென்பொருள், விண்டோஸில் மட்டுமே ஓடும். சந்தாவில் கார்பன், கிராஃபைட், டைமண்ட் என்று மூன்று படிகள் இருக்கின்றன. முழு வசதியும் உள்ளது டைமண்ட்தான். குறைந்த படியை வாங்கும் முன், உங்களுக்கு வேண்டிய வகைத் தாள் அதில் வருமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாணவர்களுக்கு டெக்லா கேம்பஸ் வழியாக இலவசப் படிப்பு உரிமம் கிடைக்கிறது. சென்னையில் பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டும் முன் அதில் ஒரு மாதம் கை பழகிப் பார்க்கலாம். சி ஷார்ப் நிரல்மொழி தெரிந்த ஒருவர் அலுவலகத்தில் இருந்தால், திறந்த நிரல் இடைமுகம் வழியாகத் திரும்பத் திரும்பச் செய்யும் எடிட்டிங்கில் பாதியை அவர் ஒழித்துவிடுவார்.

விற்பனைப் பிரதிநிதி காட்சி காட்ட வரும்போது, அவர் கொண்டுவரும் ஐந்து மாடிக் கட்டடத்தை ஒதுக்கிவிட்டு, உங்கள் பழைய வேலை ஒன்றிலிருந்து திருப்பத்தில் முடியும் படிக்கட்டின் பக்கச்சட்டம் ஒன்றைக் கொடுங்கள். அதை மாடல் செய்து, எண்ணிட்டு, எந்த எடிட்டிங்கும் செய்யாமல் 11க்கு 17 அங்குலத் தாளில் அச்செடுக்கச் சொல்லுங்கள். அந்தத் தாளை உங்கள் பட்டறையின் மூத்த ஃபிட்டரிடம் கொடுத்து, எத்தனை இடத்தில் பென்சிலால் கேள்விக்குறி போடுகிறார் என்று எண்ணுங்கள். அத்தனை கேள்விக்குறிகளையும் நீக்க ஒரு எடிட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை விலைப்பட்டியலின் அடியில் எழுதிக்கொண்டு, பிறகு பேரம் பேச உட்காருங்கள்.